பழைய பதிப்பின் தலைவர்

இந்தக் கதை எனக்கு நேரடியாகத் தெரிந்ததல்ல. கோவில்பட்டிப் பயிற்சி மையத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த அன்னபாக்கியம் சொன்னது. கதையில் வரும் இசக்கியம்மாள் அவளுடைய சித்தி மகள். அவள் சொன்னதோடு நான் எதையும் சேர்க்கவில்லை. சரியாக நினைவில்லாத இடங்களை விட்டுவிட்டேன்.

மேலாண்மைக் கல்லூரி நுழைவுத் தேர்வின் பொது அறிவுப் பகுதிக்காக ஒருவர் மனப்பாடம் செய்த செய்தி, அவர் மறக்கும்வரை வெளியுலகத்திலும் மாறாது. ஒரே செய்தியை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்திருந்தால், யார் அழுத்தமாகப் படித்தாரோ அவர் படித்தது நிற்கும். தேர்வு எழுதும் எல்லோருக்கும் இது தெரியும். இதனால் பெரிய தொந்தரவு வந்ததில்லை. எங்களில் பெரும்பாலோர் தேர்வறை வாசலிலேயே மறந்துவிடுகிறோம். பதவி விலக வேண்டியவர்கள் மறுநாள் விலகிக்கொள்வார்கள்.

இசக்கியம்மாள் மறப்பதில்லை. அவர்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அப்பா சங்கரபாண்டிக்குப் புறவழிச் சாலையில் பஞ்சர் கடை. மகள் பொது அறிவுப் புத்தகம் வேண்டும் என்றதும் அவர் மதுரைக்குப் போய், பழைய புத்தகக் கடையில் ஒன்றை வாங்கி வந்தார். அட்டை கிழியாததாகப் பார்த்து எடுத்தார். அது இரண்டு வருடத்துக்கு முந்தைய பதிப்பு. எங்கள் வீடுகளில் புத்தகம் அப்படித்தான் வரும். மேல் வகுப்புப் பிள்ளை படித்து முடித்ததைக் கீழ் வகுப்புப் பிள்ளை வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பது பழசாகிவிடும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

கடையில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓடும்போது அவள் படித்தாள். ஓர் அடிக்கு ஒரு பெயர். மழை தொடங்குவதற்குள் புத்தகம் முழுவதும் அவளுக்குள் போய்விட்டது. வெளியே அதற்கேற்ற மாற்றங்கள் நடந்தன. ஓய்வுபெற்ற ஒரு ஹாக்கி அணித்தலைவர் முழங்கால் வலியோடு மைதானத்துக்குத் திரும்பினார். உடைத்துப் பிரித்து விற்கப்பட்டிருந்த ஒரு கப்பல் மீண்டும் துறைமுகத்தில் நின்றது.

ஐப்பசியில் ஒரு நாள் கடை முன்னால் ஒரு கார் நின்றது. டயர்கள் நான்கும் நன்றாகத்தான் இருந்தன. இறங்கியவருக்கு எழுபது வயது இருக்கும். ஒரு லாரி டயரைக் கழற்றி மாட்டும்வரை அவர் பெஞ்சில் காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"இசக்கியம்மாள்ங்கறது நீங்கதானுங்களா அம்மிணி?"

"ஆமா சார்."

"நான் அவிநாசியப்பனுங்க. கோயமுத்தூர்."

"தெரியும் சார். பம்ப் கம்பெனித் தலைவர். புக்குல ஒங்களுக்கு மேல சிமெண்ட் கம்பெனி, கீழ விமானக் கம்பெனி."

"அதேதானுங்க. நான் ரிட்டயர் ஆகி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. கொய்யாத் தோப்பு வெச்சிருக்கறேன். ஒரு நாள் காத்தால மரத்துக்குத் தண்ணி உட்டுக்கிட்டு இருந்தனுங்க. பாத்தா ஆபீஸ் சேர்ல உக்காந்திருக்கறேன். காலெல்லாம் சேறு."

"அப்ப புதுசா வந்தவரு?" என்று சங்கரபாண்டி கேட்டார்.

"அவரும் அங்கியேதான் இருக்கறாருங்க. எனக்கு எதுத்தாப்ல, பாக்க வர்றவங்க உக்கார்ற சேர்ல. நல்ல மனுசன். டீ வந்தா எனக்கு மொதல்ல குடுக்கச் சொல்றாரு. அதுதான் எனக்குச் சங்கடமா இருக்குது."

யார் படித்ததால் இப்படி ஆனது என்று நிறுவனத்தில் விசாரித்து, முகவரியைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர் சுற்றி வளைக்காமல் கேட்டார். "என்னைய மறந்துருங்க அம்மிணி."

"பரீட்சை முடியட்டும்னு சொல்லலாம் சார். ஆனா பரீட்சைல எழுதிட்டா எனக்கு மறக்கவே மறக்காது. பத்தாவதுல எழுதுனதுகூட அப்படியே கெடக்கு."

"அப்ப அதுக்கு முன்னாடியே மறக்கோணும்."

"ஒங்கள மட்டும் எடுக்க வராது சார். கம்ப்ரஸர் அடிக்கு ஒண்ணுன்னு கோத்துப் படிச்சது. ஒண்ணு போச்சுன்னா பக்கமே போயிரும். கணக்குல நான் சுமாருதான். இண்டர்வியூல இதைப் பாத்துத்தான் எடுப்பாக."

அவிநாசியப்பன் தலையாட்டினார். "நாயந்தானுங்க," என்றார். "எங்கூட்டுக்காரிகிட்டச் சொல்லிக்கறேன்." சங்கரபாண்டி வாங்கி வந்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். கார் திரும்பும்போது இசக்கியம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார்.

கார் போன பிறகு சங்கரபாண்டி சொன்னார். "புக்கு வாங்கிட்டு வந்தது நாந்தான். அதுல தப்பு இருக்கும்னு எனக்குத் தெரியாதுல்லா."

"தப்பு இல்லப்பா. நான் படிச்சதும் சரியாயிருச்சு."

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

மறந்துவிடு என்றோ வேண்டாம் என்றோ அவர் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் தனக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று இசக்கியம்மாள் அன்னபாக்கியத்திடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் புத்தகத்தைத் தவிரத் தன்னிடம் உறுதியாக எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் பேசும்போது அவளுக்கு வார்த்தை மாறிப்போகும். எந்தக் கரண்டியால் எதைச் சாப்பிடுவது என்பதுகூட அவள் படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஒரு வாரம் யோசித்துவிட்டுக் கோயமுத்தூருக்குப் போன் செய்தாள்.

"சார், ஞாயித்துக்கெழம வாங்க. முயற்சி பண்ணிப் பாப்போம்."

ஒருவரைத் தலைவராக மறப்பதற்கு அவரை வேறு ஏதாவதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். அவிநாசியப்பன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். எந்த மரத்தில் கிளி அதிகம் உட்காரும், எந்தப் பழத்தை விற்காமல் வீட்டுக்கு வைத்துக்கொள்வார்கள் என்றெல்லாம் சொன்னார். தோப்பில் பாம்பு வந்தால் தன் மனைவி அதனிடம் மரியாதையாகப் பேசி அனுப்பிவிடுவாள் என்றார். "எங்கிட்டத்தான் அப்பிடிப் பேச மாட்டா." கையெழுத்துப் போட வேண்டிய கோப்புகள் கடைக்கே வந்தன. மூன்றாவது வாரத்திலிருந்து அவர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அது அவருக்குப் பிடித்திருந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரஸர் ஓடியது. அவள் வழக்கம்போலப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனாள். சிமெண்ட் நிறுவனம் வந்தது. அடுத்த அடிக்கு, "கொய்யா," என்றாள்.

தொட்டியில் அமுங்கியிருந்த ட்யூப் மேலே வந்து மிதந்தது. பெஞ்சுக்குக் கீழே அவருடைய செருப்பு மட்டும் இருந்தது. சங்கரபாண்டி அதை எடுத்து ஓரமாக வைத்தார். சாயங்காலம் தோப்பிலிருந்து போன் வந்தது. அவருடைய மனைவி பேசினார். "வந்து சேந்துட்டாருங்க. கை மட்டும் ஈரமா இருக்குது."

இசக்கியம்மாள் பயந்தபடியே அந்தப் பக்கம் முழுவதும் போய்விட்டது. அவள் அதைத் திரும்பப் படிக்கவில்லை. படித்தால் அவர் திரும்ப வர வேண்டியிருக்கும்.

தேர்வில் அந்தப் பக்கத்திலிருந்தே கேள்விகள் அடுத்தடுத்து வந்தன. பம்ப் நிறுவனத்தின் தலைவர் யார் என்று ஒரு கேள்வி. கொடுத்திருந்த நான்கு பெயர்களில் ஒன்று அவளுக்குத் தெரிந்தது. கொய்யாத் தோப்பு வைத்திருப்பவர். அவருக்குப் பம்ப் நிறுவனத்தில் என்ன வேலை என்று நினைத்து அதை ஒதுக்கினாள். மற்ற மூன்று பேரையும் தெரியாது. ஊகித்துக் குறிப்பது அவளுக்கு வழக்கமில்லை. கேள்வியை விட்டுவிட்டாள். மற்றப் பக்கங்களிலிருந்து வந்தவை எல்லாம் அவளுக்குச் சரி. புதிய பதிப்பை வாங்கிப் படித்தவர்களுக்கு அவை தவறாகப் போயின. அந்த வருடம் தேர்வு எழுதிய அன்னபாக்கியத்துக்கும் போயின. அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஒரே ஒரு கல்லூரியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அங்கே ஆங்கிலத்தில்தான் கேட்டிருப்பார்கள். அன்னபாக்கியம் தமிழில் சொன்னதையே தருகிறேன்.

"கணக்கில் குறைவாக இருக்கிறது," என்றார் நடுவில் இருந்த பேராசிரியை. "பொது அறிவில் எல்லாம் சரி. ஆனால் வரிசையாகச் சில கேள்விகளை விட்டிருக்கிறீர்கள். ஏன்?"

இசக்கியம்மாள் நடந்ததைச் சொன்னாள்.  சொல்லி முடித்தபோது, இடம் போய்விட்டது என்றே நினைத்தாள்.

பேராசிரியை மற்ற இருவரையும் பார்த்தார். "அந்த ஒரு பக்கம் தவிர மற்றது?"

"அப்படியே இருக்கிறது, மேடம்."

"தேர்வில் எழுதிவிட்டால் மறக்கவே மறக்காதா?"

"மறக்காது."

மூவரும் எழுந்து வெளியே போனார்கள். திரும்பி வரும்போது ஒரு விடைத்தாளும் அந்த ஆண்டின் கல்லூரிகள் தரவரிசைப் பட்டியலும் கொண்டுவந்தார்கள். அந்தக் கல்லூரி நான்காம் இடத்தில் இருந்தது. அந்தப் பட்டியலை நன்றாகப் படித்துக்கொள்ளச் சொல்லி அவளைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். பிறகு, இந்தக் கல்லூரிக்கு எத்தனையாவது இடம் என்ற ஒரே ஒரு கேள்வி கொண்ட தேர்வு ஒன்றை நடத்தினார்கள். கதவுக்குப் பக்கத்தில் கண்காணிப்பாளரும் இருந்தார்.

எழுதுவதற்கு முன்னால் அவள் பேராசிரியையிடம் கேட்டாள். "பின்னால் இதை மறக்கச் சொல்லி யாரும் வர மாட்டார்களே, மேடம்?"

"யார் வரப்போகிறார்கள்?"

அவள் எழுதினாள். அன்று மாலையே சேர்க்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். இப்போது படிப்பை முடித்து பெங்களூரில் வேலையில் இருக்கிறாள்.

கதை இவ்வளவுதான் என்று அன்னபாக்கியம் சொன்னாள். கேட்டதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று பயிற்சி மையத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் பிறகு நான் நூலகத்துக்குப் போய் ஒவ்வொரு ஆண்டின் தரவரிசைப் பட்டியலையும் எடுத்துப் பார்த்தேன். அந்தக் கல்லூரி அன்றிலிருந்து நான்காம் இடத்திலேயே இருக்கிறது. அதற்கு முன்னால் இருந்த மூன்று கல்லூரிகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டன. போன ஆண்டிலிருந்து பட்டியல் நான்கிலிருந்துதான் தொடங்குகிறது.