மடிப்பக்காவுக்கு ஓய்வு

தீவுக்கு வந்து நான்கு நாளாகியும் மடிப்பக்காவால் பகலில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கண்ணை மூட முடியவில்லை. மூட விட்டால்தானே.

ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் பதினாறு வருஷமாகப் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறவள் அவள். சலவையிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் விரிப்புகளை எதிரே ஒருத்தி பிடித்துக்கொள்ள, இவள் இழுத்து உதறி, நான்காக மடித்து, பத்துப் பத்தாகக் கட்டி, எந்த வார்டுக்கு என்று சீட்டெழுதிச் செருக வேண்டும். கிழிந்தது தனி, கறை போகாதது தனி. அவளுடைய சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் நினைவில்லை. பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலர் வரைக்கும் அவள் மடிப்பக்காதான். போன மாதம் ஒருநாள் கையில் பிடித்த விரிப்போடு அப்படியே குவியல்மேல் சாய்ந்துவிட்டாள். ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், மருந்து மாத்திரையெல்லாம் அப்புறம், முதலில் போய் ஓய்வெடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அவள் ஆசைப்பட்டதெல்லாம் இரண்டே இரண்டு பகல். எல்லோரும் வேலைக்கும் படிப்புக்கும் கிளம்பிப் போன பிறகு, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். யாரும் இருக்கக்கூடாது. அதை எப்படிச் சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் வீட்டில் பாசம் பொங்கி வழிந்துவிட்டது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். யார் எந்த மாடியில் மாட்டிக்கொண்டாலும் ஓடுகிற ஆள், ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தார். பெரியவள் ஃபோனில் தேடி எரிமலைத் தீவு ஒன்றைக் கண்டுபிடித்தாள். சின்னவள் தோழிகளிடமெல்லாம் சொல்லிவிட்டாள். தபால் அலுவலகக் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வுபெற்று, தம்பியோடு வந்து தங்கியிருக்கும் நாத்தனார், ஐந்து பெட்டிக்கும் முகவரிச் சீட்டு ஒட்டினார். எல்லாம் உனக்காகத்தான் என்று நான்கு பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். உனக்காகத்தான் என்று சொன்ன பிறகு வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

தீவைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், அவ்வளவு நல்ல தீவு. நடுவில் மலை. அதன் தலையிலிருந்து, அடுப்பில் ஈர விறகை வைத்தது போல ஓயாமல் ஒரு புகை. கடற்கரை மணல் கரித்தூளாய்க் கறுத்துக் கிடந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் தீக்குச்சி உரசிய வாசம் வரும். காலையில் எழுந்து பார்த்தால் ஜன்னல் விளிம்பில் மெல்லிசாகச் சாம்பல் படிந்திருக்கும். துடைத்த துணியை அலசிப் பிழிந்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் படிந்திருக்கும். வீட்டுக்காரம்மா சாவியோடு இரண்டு ஈரத் துணியையும் கொடுத்துவிட்டுப் போனது ஏன் என்று முதல் நாளே விளங்கியது. அந்தத் துணி யார் கைக்கு வந்து சேர்ந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வாடகைக்கு எடுத்த வீட்டில் படுக்க நீளமாக ஒரே ஓர் அறை. சுவரோரமாக வரிசையாய் ஐந்து கட்டில். பொது வார்டுக்குள் நுழைகிற மாதிரி இருந்தது மடிப்பக்காவுக்கு. விரிப்புகளை மூலை தெரியாமல் சுருட்டிச் செருகியிருந்ததைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. நாத்தனார் முறைத்தார்.

"கையைக் கட்டிக்கிட்டு சும்மா இரு. நீ ஓய்வெடுக்க வந்திருக்க."

சரி அக்கா என்று சொல்லிக்கொண்டே ஐந்தையும் பிரித்து மடித்துச் செருகிய பிறகுதான் அவளால் உட்கார முடிந்தது.

அன்றைக்குத் தொடங்கிய ஓய்வு. சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் கணவர் பூனை மாதிரி நடந்து வருவார். அவர் தடதடவென்று நடந்தாலாவது தூங்கிவிடலாம். பக்கத்தில் வந்து குனிந்து, தூங்கறியா, தூங்கு தூங்கு என்பார். அவர் போனதும் பெரியவள் வருவாள். படுக்கும்போது கால் உயரமாக இருக்க வேண்டுமாம், ஃபோனில் போட்டிருக்கிறதாம். அவள் தலையணையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டுப் போனால், காற்று நேராக அடிக்கிறதே என்று நாத்தனார் வந்து ஜன்னலைச் சாத்துவார். வேர்த்துக் கொட்டும். சின்னவள் கடற்கரையில் பொறுக்கிய ஓட்டை ஓட்டையான கல்லை ஒரு வாளித் தண்ணீரோடு தூக்கி வந்து, அம்மா இது மிதக்குது பாரேன் என்று காட்டுவாள். பார்த்தாள். நிஜமாகவே மிதந்தது. இன்னொன்றும் மிதந்தது. வாளி நிறைய மிதந்தன. கோபித்துக்கொள்ள ஒருத்தர்மேலும் ஒரு குற்றமும் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. மாலையில் நான்கு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து அம்மா முகம் தெளிஞ்சிருக்கா என்று பார்ப்பார்கள். தெளிந்திருக்கிறது என்று ஒருமனதாக முடிவாகும்.

கடைசி நாள் மலை. மறுநாள் காலையில் படகு ஏற வேண்டும். ஜீப் ஒன்று வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போய், எரிமலை வாய்க்குக் கீழே இறக்கிவிட்டு, மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து விடும். பெரியவள்தான் ஏற்பாடு செய்தாள். அந்தச் செய்தியைக் கேட்டபோது மடிப்பக்காவின் மனசுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. ஏழரைக்குப் போனால் ஒன்றரைக்குத்தான் வருவார்கள். ஆறு மணி நேரம். ஐந்து கட்டிலில் எது வேண்டுமானாலும் படுக்கலாம்.

முந்தின நாள் சாயங்காலமே வேலையைத் தொடங்கிவிட்டாள். கடற்கரையிலிருந்து திரும்பும்போது கொஞ்சம் நொண்டினாள். பொய் பழக்கமில்லாததால் பாதி வழியில் கால் மாறிவிட்டது. நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை. விடிந்ததும், இட்லித் தட்டு அடுக்குகிற நிதானத்தோடு எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள்: தண்ணீர் பாட்டில், ரொட்டி, அவித்த முட்டை, நாத்தனாரின் மாத்திரை, தொப்பிகள். எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, மலையெல்லாம் ஏற முடியாது, நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், அதுவே நான் பார்த்த மாதிரி என்றாள். குரலில் சந்தோஷம் தெரிந்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் முனகியும் வைத்தாள்.

முனகியதுதான் வினையாகிவிட்டது.

முதலில் பெரியவள் தோள்பையை இறக்கினாள். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது, மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது என்றாள். அக்கா வரவில்லையென்றால் நான் மட்டும் யாரோடு போட்டோ எடுப்பது என்று சின்னவள் தொப்பியைக் கழற்றினாள். நாத்தனார் ஷூவின் கயிற்றைப் பத்து நிமிஷமாகக் கட்டிக்கொண்டிருந்தவர், பெருமூச்சோடு அவிழ்க்கத் தொடங்கினார். மடிப்பக்கா கணவரைப் பார்த்தாள். இவராவது போய்த் தொலைய மாட்டாரா என்று இருந்தது.

"என்னங்க, நீங்களாவது போங்க. மலையை யார் தினம் தினம் பாக்கப் போறோம்."

"நல்லா இருக்கே. உனக்காக வந்துட்டு, உன்னை விட்டுட்டு நான் மலையைப் பாக்கறதா?" என்று சொல்லிவிட்டு அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தைலப் புட்டியைத் தேடினார்.

ஐந்து நிமிஷத்தில் ஒரே ஒரு கெண்டைக்காலைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் தைலம் தேய்த்தார். லிஃப்ட் கயிற்றில் கிரீஸ் தடவிப் பழகிய கை. வலிக்காத கால் வலிக்கத் தொடங்கியது. பெரியவள் ஃபோனைப் பார்த்து, மேலேயிருந்து கீழாகத் தேய்க்கக் கூடாதாம், கீழேயிருந்து மேலாகவாம் என்றாள். கவுண்டரில் நின்ற ஒருத்தருக்கு இப்படிப் பிடித்துக்கொண்டு அப்புறம் காலே போனதை நாத்தனார் சொன்னார். பேசாமல் சீட்டு விளையாடலாமா, அம்மா படுத்துக்கொண்டே விளையாடட்டும் என்றாள் சின்னவள். மடிப்பக்கா கூரையைப் பார்த்தாள். அழுகை வரும் போலிருந்தது. வந்தால் அதற்கும் நான்கு பேர் ஓடி வருவார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

வாசலில் ஹாரன் கேட்டது.

வண்டி வேண்டாமென்று நானே சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்தாள். ஜீப்பை ஓட்டி வந்தது ஒரு பெண். அவள் வயதுதான் இருக்கும். கழுத்தில் துண்டு, கண்ணுக்கடியில் கறுப்பு. விடியற்காலையில் ஒரு கூட்டத்தை ஏற்றிப்போய்ப் படகுத்துறையில் இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் போட்டு, வாயை மறைக்காமல் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டுவிட்டுக் கேட்டாள்.

"எத்தனை பேரும்மா?"

மடிப்பக்கா திரும்பி வீட்டைப் பார்த்தாள். திறந்த கதவு வழியாக அவளுடைய கட்டில் தெரிந்தது. சீட்டுக்கட்டைப் பிரித்து அதன்மேல் பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தர்" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததும் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவர் தைலக் கையோடு வராந்தாவுக்கு ஓடி வந்தார். கால்வலி என்னாச்சு என்று கேட்டார். ஏறி உட்கார்ந்தால் சரியாகிவிடும் போலிருக்கிறது, நீங்களெல்லாம் ஓய்வெடுங்கள் என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் ஜீப் திரும்பிவிட்டது.

பாதை கரடுமுரடு. உறைந்துபோன குழம்பு மாதிரி இருபுறமும் கறுப்புப் பாறை. வழக்கமாகச் சொல்கிறதை ஓட்டுநர் சொல்லத் தொடங்கினாள்: இது அந்த வருஷம் வழிந்தது, அது அதற்கு முந்தினது. கண்ணாடியில் மடிப்பக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை. நான்கு நாளில் யாரும் தன்னோடு பேசாத முதல் ஒரு மணி நேரம் அதுதான் என்று மடிப்பக்காவுக்குத் தோன்றியது.

வண்டிகள் நிற்கிற இடம் வந்தது. அங்கிருந்து வாய் வரைக்கும் இருபது நிமிஷம் ஏற வேண்டும். மற்ற வண்டிகளிலிருந்து இறங்கியவர்கள் கைத்தடியும் தொப்பியுமாக வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தார்கள். புகை பக்கத்தில் தெரிந்தது. மடிப்பக்கா இறங்கவில்லை.

"போகலையாம்மா?"

"இல்ல. இப்படியே இங்க உக்காந்திருக்கலாமா?"

"எவ்வளவு நேரம்?"

"மத்தவங்க எவ்வளவு நேரம் எடுத்துப்பாங்க?"

"மெதுவா போனா மூணு மணி நேரம்."

"அதை முழுசாவே எடுத்துக்கறேன்" என்றாள் மடிப்பக்கா. பிறகு, வெட்கத்தோடு, "தூங்கணும்" என்றாள்.

ஓட்டுநர் அவளை ஒரு நொடி பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கழுத்துத் துண்டை உருவி வெயில் விழுகிற பக்க ஜன்னலில் மாட்டினாள். பிறகு தன் சீட்டைப் பின்னால் சாய்த்து, செருப்பைக் கழற்றி, பாதங்களை டாஷ்போர்டு மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். தினமும் மலைக்கு வருகிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள் என்று முணுமுணுத்தாள். மடிப்பக்கா சீட்டில் முழங்காலை மடக்கிப் படுத்தாள். குறட்டை முதலில் யாருடையது என்று சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை.

கனவு ஒன்றும் வரவில்லை. விழித்தபோது கண்ணாடி முழுக்கச் சாம்பல் படிந்து, உள்ளே மாலை மாதிரி மங்கலாக இருந்தது. கன்னத்தில் சீட்டின் தையல் பதிந்திருந்தது. சாம்பலைத் துடைக்கவேண்டும் என்று தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நான்கு பேரும் வராந்தாவில் காத்திருந்தார்கள். ஒருத்தரும் சாப்பிட்டிருக்கவில்லை. நீ வராமல் எப்படிச் சாப்பிடுவது என்றார்கள். எப்படி இருந்தது என்று சின்னவள் கேட்டாள். நெருப்பு தெரிந்ததா என்று பெரியவள் கேட்டாள். வழியில் மடிப்பக்கா ஒரு பதில் யோசித்து வைத்திருந்தாள், பெரிய வாய், செக்கச்செவேல் என்று. ஆனால் பொய் சொல்லவும் உடம்பில் தெம்பு வேண்டும்.

"பாக்கல. ஜீப்புல தூங்கிட்டேன்."

"தூங்கறதுக்கா அவ்வளவு தூரம் போன?" என்றார் கணவர். கோபமில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "இங்க அஞ்சு கட்டில் கிடக்கே."

"கட்டில் கிடக்கு" என்றாள் மடிப்பக்கா. "நீங்க எல்லாரும் இருக்கீங்களே."

சண்டைக்காகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். சின்னவள் சிரிக்க வாயைத் திறந்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கணவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். தைல வாசம் இன்னும் இருந்தது.

நாத்தனார்தான் முதலில் எழுந்தார். கவுண்டர் மூடுகிற நேரத்தில் வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கிற பார்வையோடு மற்ற மூவரையும் பார்த்தார்.

"எல்லாரும் செருப்பைப் போடுங்க. கடலுக்குப் போறோம்."

"இந்த வெயில்லயா அத்தை? சாப்பிடவே இல்ல."

"பசிச்சா நடக்கறப்ப மறந்துடும். நட."

அவர்கள் போன பிறகு மடிப்பக்கா கதவைச் சாத்தினாள். வீடு ஓசையே இல்லாமல் இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அறை நடுவில் நின்றாள். தூக்கமெல்லாம் ஜீப்பிலேயே தீர்ந்துவிட்டிருந்தது. ஜன்னலோரம் போய்ப் பார்த்தாள். அவர்கள் கடலுக்குப் போகவில்லை. எதிர் வீட்டு மதில் தந்த ஒரு முழ நிழலில் நான்கு பேரும் முதுகை ஒட்டி வரிசையாக நின்றிருந்தார்கள். கணவர் ஏதோ கேட்க, நாத்தனார் கைக்கடிகாரத்தைப் பார்த்து இன்னும் இல்லை என்று தலையாட்டினார்.

பாவமாக இருந்தது. கூப்பிட வாயெடுத்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போய், மூடி வைத்திருந்த சோற்றில் தனக்கு ஒரு தட்டுப் போட்டுக்கொண்டு, கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தாள். இதை முடித்துவிட்டுக் கூப்பிடலாம். இல்லை, கையைக் கழுவிவிட்டு, சும்மா கொஞ்ச நேரம் நீட்டிப் படுத்துவிட்டு, அப்புறம் கூப்பிடலாம்.