அண்ணனுக்கும் இருந்தது

சேக்காட்டு மைதானத்தில் ஞாயிறு காலை வாலிபால் ஆடிக்கொண்டிருந்த லோகேஷுக்கு, பந்தை அடிக்க எம்பியபோது பின்னங்காலில் யாரோ எட்டி உதைத்ததுபோல் இருந்தது. விழுந்தவன், "எவன்டா ஒதச்சது?" என்று திரும்பினான். பின்னால் யாருமே இல்லை.

அம்பத்தூரில் அவனைப் பார்த்த டாக்டர் ரேஷ்மா, குதிகால் நாண் அறுந்துவிட்டது, தைக்க வேண்டும் என்றார்.

"சர்க்கரை இருக்கா? குதிகால்ல ஊசி ஏதாவது? சமீபத்துல ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீங்களா?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். அவர் அடிபடாத காலையும் அழுத்திப் பார்த்தார். அங்கேயும் நாண் தடித்து, முடிச்சு முடிச்சாக இருந்தது.

"வீட்டுல யாராவது சின்ன வயசுலயே மாரடைப்புல இறந்திருக்காங்களா?"

"எங்க அண்ணன் நாகேந்திரன். முப்பத்தொம்பது வயசு. மூணு வருசம் ஆவுது." தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அவருக்கும் இதே மாதிரி தடிச்ச காலுதான் டாக்டர். ஷூ கடிக்கும்னு செருப்புலயே வேலைக்குப் போவாரு."

ரத்தத்தில் இருநூறுக்குள் இருக்க வேண்டிய கொழுப்பு நானூற்றுப் பத்து இருந்தது.

"இது பரம்பரையா, பிறவியிலேயே வர்றது. கொழுப்பு இதயக் குழாய்லயும் படியும், நாண்லயும் படியும். அதனால நாண் பலமிழந்திருக்கலாம். மாத்திரை இருக்கு, பயப்படாதீங்க."

"முன்னாடியே யாராவது எங்க அண்ணன் கால பாத்திருந்தா?"

"அவருக்குக் குழந்தை இருக்கா?" என்று மட்டும் டாக்டர் கேட்டார்.

தையல் முடிந்து, கட்டுப் போட்ட காலோடு ஆட்டோவில் முத்தாபுதுப்பேட்டையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனான். அண்ணி சுரேகா பதறிப்போய் நாற்காலி இழுத்துப் போட்டாள். வழியெல்லாம் வார்த்தை தேடியும் கிடைக்காமல், டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னான். பதினொரு வயது வர்ஷாவுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றான்.

சுரேகா தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை வுட்டு வந்தா கால் வலிக்குதும்பாரு. பன்னெண்டு வருசம் இந்தக் கையாலதான் தைலம் தேச்சேன். கட்டி கட்டியா தட்டுப்பட்டுது லோகேசு. நின்னு நின்னு வேலை செய்ற காலு, அப்டிதான் கீதுன்னு நெனச்சிட்டேனே!"

"உனக்கு இன்னா தெரியும் அண்ணி? எனக்கே ரெண்டு காலு கீது, நான் பாத்தனா?"

அவள் அழுகை நிற்கவில்லை. வாசலில் நின்ற வர்ஷா எதுவும் புரியாமல் உள்ளே வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ரத்தம் கொடுத்த நான்காம் நாள் ரிசல்ட் வந்தது. வர்ஷாவுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. அன்றைக்கே டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மகள் முதல் மாத்திரையை விழுங்கும்வரை சுரேகா டம்ளரைத் தானே பிடித்திருந்தாள்.