காரணம் கேட்கக் கூடாது

"நான் இன்னைக்கு இறங்கல" என்று மருந்துக்கடைக்காரி சொன்னபோது படகில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது. முக்குளிப்பு கிளப்பின் முதல் விதியே அதுதான். கடலில் இறங்குவதற்கு முன் யார் வேண்டாம் என்றாலும் காரணம் கேட்கக் கூடாது, கேலி பேசக் கூடாது, முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது. பயந்தவன் வெட்கத்துக்குப் பயந்து இறங்கிச் செத்துத் தொலையக் கூடாதே என்று எந்தப் புண்ணியவானோ செய்துவைத்த விதி. நல்ல விதிதான். ஆனால் அன்றைக்கு யாராவது ஒருவர் கேட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. கேட்கட்டும் என்றுதான் அத்தனை பேர் முன்னால் சொன்னாள்.

கேட்டிருக்க வேண்டிய ஆள் அவள் புருஷன். கிளப்பில் எல்லோருக்கும் அவர் கேப்டன். படகு ஓட்டத் தெரியாது, ஆனாலும் கேப்டன்தான். அவர் யாரோடு யார் இறங்குவது என்ற ஜோடிப் பட்டியலை மனதுக்குள்ளேயே மாற்றிப் போட்டுவிட்டு, "சரி விடு. அப்ப புதுசு என்கூட வரட்டும்" என்றார். புதுசு என்பது வங்கியில் வேலை பார்க்கும் சின்னப் பெண். குளத்திலும் நீச்சல் தொட்டியிலும் பழகியவள். கடலுக்கு இதுதான் முதல் தடவை. கிளப்பின் இன்னொரு ஜோடியான வாத்தியாரோடும் அவர் தம்பியோடும் மூன்றாவது ஆளாகப் போக வேண்டியவள். இப்படி ஆகும் என்று மருந்துக்கடைக்காரி நினைக்கவே இல்லை. தன் தலை தப்பினால் போதும் என்று விலகியவளுக்கு, காலியான இடத்தில் இன்னொரு தலை வந்து நிற்கும் என்று தோன்றாமல் போனதுதான் வயிற்றெரிச்சல்.

முக்குளிப்புப் பருவம் இன்னும் சரியாகத் தொடங்கியே இருக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம், துறைமுகத்துக்குப் பக்கத்து வாடகை வீட்டில், ஈரக் காலுறைகள் காயும் நாற்றத்துக்கு நடுவில், எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு வானம். ஒன்றில் வெயில், ஒன்றில் இடி. "எதை நம்புறது?" என்று வாத்தியார் கேட்டதற்கு, "என்னை நம்புங்க" என்றார் கேப்டன். எல்லோரும் சிரித்தார்கள். மனுஷனுக்கு அந்த வாய் மட்டும் இல்லையென்றால் நாய்கூடச் சீந்தாது என்று நினைத்தபடி அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

போன பருவத்தின் கடைசிப் பயணத்தில் அவளும் கேப்டனும்தான் ஜோடி. ஜோடி என்றால் கை நீட்டினால் தொடும் தூரம். கீழே மூழ்கிக் கிடந்த சரக்குக் கப்பலை ஒட்டிப் போகும்போது, பாய் அகலத்துக்கு ஒரு திருக்கை மீன் கடந்து போனது. அவர் அதன் பின்னாலேயே போனார். இவளுடைய காற்றுக் குழாய் கப்பலில் சிக்கிக் கிடந்த பழைய வலையில் மாட்டிக்கொண்டது. டார்ச்சை ஆட்டினாள். அவர் திரும்பினார். வெளிச்சம் அவர் முகக் கண்ணாடியில் பட்டதை இவள் பார்த்தாள். பிறகு மறுபடி திருக்கை போன பக்கம் திரும்பிக்கொண்டார்.

வலையை அறுத்துக்கொண்டு தனியாக மேலே வந்தபோது அவர் படகில் தலை துவட்டிக்கொண்டிருந்தார். "எங்க போன? பக்கத்துலயே இருன்னா கேக்கவே மாட்டேங்குறியே." குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான். படகே சிரித்தது. மூச்சு வாங்கியபடி இவளும், "ஸாரி, நான்தான் கவனிக்கல" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று குளிர்காலம் முழுக்க, கடையில் மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டே யோசித்தாள். புருஷன் மானம் நாலு பேர் முன்னால் போகக் கூடாது என்று நினைத்திருப்பாள், வேறென்ன. வீட்டில் ஒருமுறை கேட்டதற்கு, "இன்னும் அதையே புடிச்சுத் தொங்குறியா?" என்று தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார்.

இப்போது படகில் அந்த வங்கிப் பெண்ணுக்குக் குளிரில் விரல் மடங்கவில்லை. மருந்துக்கடைக்காரி அவள் தோள்வாரை இறுக்கிவிட்டாள், காற்று வருகிறதா என்று பார்த்தாள்.

"அண்ணன்கூடன்னா எனக்குப் பயமே இல்லக்கா. நீங்க குடுத்து வச்சவங்க."

அவரை நம்பாதே. இரண்டு சொல். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தார். "டார்ச்சக் கையிலயே வச்சுக்கோ" என்றாள். சொன்னவுடனேயே தன்மீது அருவருப்பாக இருந்தது. அதற்குள் இருவரும் தண்ணீருக்குள் போய்விட்டார்கள்.

வெயில் இருந்த இடத்தில் சற்று நேரத்தில் மேகம் வந்தது. காற்று திசை மாறியது, மழை சாய்ந்தடித்தது. படகுக்காரர் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே எஞ்சினைக் கிளப்பினார். வாத்தியாரும் தம்பியும் மேலே வந்தார்கள். மற்றவர்களும் வந்தார்கள். கடைசியாகக் கேப்டன் வந்தார், தனியாக.

"அந்தப் பொண்ணு எங்க?" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"பின்னாடியேதான் வந்துட்டிருந்தா. பக்கத்துலயே இருன்னு எத்தனை தடவை சொல்றது?"

"திரும்பிப் பாத்தீங்களா?"

அவர் ஏணியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். "பாக்காம?" என்றார்.

அலைகளுக்கு நடுவே அவள் பிடித்துக்கொண்டிருந்த ஆரஞ்சு மிதவையைப் படகுக்காரர்தான் கண்டுபிடித்தார். படகுக்குள் தூக்கிப் போட்டபோது பெண்ணின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது, வாந்தி எடுத்தாள். பேச்சு வந்ததும் முதலில் சொன்னது: "ஸாரி. என் தப்புதான். நான்தான் கவனிக்கல."

கேப்டன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "மொத தடவை எல்லாருக்கும் இப்படித்தாம்மா. வேணும்னா இவளைக் கேளு." உயிர் வந்த நிம்மதியில் எல்லோரும் சிரித்தார்கள்.

"அவ தப்பில்ல" என்றாள் மருந்துக்கடைக்காரி. குரல் நடுங்கவில்லை, அதுவே அவளுக்கு ஆச்சரியம். "போன தடவை என்னையும் இப்படித்தான் விட்டுட்டுப் போனாரு. நான் மாட்டிக்கிட்டு லைட்டு காட்டினேன். பாத்துட்டுத்தான் போனாரு."

சிரிப்பு நின்றது. வாத்தியார் தன் கால் துடுப்பைப் பார்த்தார். கேப்டன் வாயைத் திறந்தார், மூடினார். எந்தப் படகிலும் அந்த வாய் அடைத்து அவள் பார்த்ததில்லை. இத்தனை மாதம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கேப்டனை அல்ல, இவளை.

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

இவள் கை தானாக அந்தப் பெண்ணின் தோள்வாரைக் கழற்றிவிடப் போனது.

"தெரிஞ்சுதானாக்கா எனக்கு வார் இறுக்கி விட்டீங்க?"

மழை வந்த வேகத்திலேயே விட்டிருந்தது. வெயில் சுள்ளென்று அடிக்க, எல்லோருடைய கறுப்பு ரப்பர் உடைகளிலிருந்தும் ஆவி கிளம்பியது. பெண் எழுந்தாள். படகு ஆட, இவள் பிடிக்க நீட்டிய கையைத் தொடாமல், பெஞ்சு பெஞ்சாகப் பிடித்துப் பின்பக்கம் போனாள். எஞ்சின் புகைக்குள் இடம் தேடி, முகம் தெரியாதபடி உட்கார்ந்துகொண்டாள்.