ஸ்டியரிங் இல்லாத வலப்பக்கம்

விளம்பரத்தில் வண்டியைப் பக்கவாட்டில் மட்டும்தான் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கேம்பர் வேன், எழுபதுகளில் செய்தது. ஜெர்மன்காரன் செய்து, கலிஃபோர்னியாக்காரன் ஓட்டி, கப்பலேறி யார்க்‌ஷயருக்கு வந்து சேர்ந்திருந்தது. அதே காலத்தில் இங்கேயே பிறந்து வளர்ந்தவை எல்லாம் மழையில் ஊறித் துருப்பிடித்து, தொட்டால் உதிர்கிற நிலையில் இருக்கின்றன. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கலிஃபோர்னியா வெயிலில் காய்ந்த தகரத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது.

வேறொரு தொல்லை உண்டு. ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். சாலையில் இடப்பக்கமாகப் போகிற நாட்டில் ஸ்டியரிங்கும் இடப்பக்கமே என்றால், முன்னால் போகிற வண்டியைத் தாண்டுவதற்கு எட்டிப் பார்க்க முடியாது. ஓட்டுகிறவனுக்குத் தெரிவதெல்லாம் முன்வண்டியின் முதுகும் வேலியோரத்துப் புல்லும்தான். எதிரே ஏதாவது வருகிறதா என்று வலப்பக்கம் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். தனியாளுக்கு உதவாத வண்டி. அதனால் விலை குறைவு. எனக்கு அது பிடித்துப்போனதும் அதனால்தான்.

பெவர்லியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. “சும்மா ஒரு வண்டி பாக்கப் போறேன், கூட வர்றியா?” என்று மட்டும் கேட்டேன்.

பெவர்லியும் நானும் செவ்வாய்க்கிழமை பப்பில் நடக்கிற வினாடி வினாவில் ஒரே மேசை. இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, ஆளுக்கொரு விவாகரத்தும் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தை நடத்தி ஓய்வு பெற்றவள் அவள். ஒரு பார்வையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவள். ஞாயிறு மதியம் அவள் வீட்டில் சாப்பாடு. பாத்திரம் கழுவுவது என் பொறுப்பு. ஈஸ்டர் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழங்கை வரை நுரையோடு நின்றுகொண்டு சொன்னேன்: “இப்படியே போனா என் பைஜாமாவையும் இங்கயே கொண்டுவந்து வெச்சுடலாம் போலிருக்கு.”

அவள் தட்டைத் துடைப்பதை நிறுத்தினாள். “நிஜமாத்தான் சொல்றியா, நோயல்?”

ஆமாம் என்று சொல்லியிருக்கவேண்டும். நானோ, “உன் நாய்க்கு என்னைப் பிடிச்சிருக்கு. அதுகிட்ட இன்னும் பேசி முடிக்கல” என்றேன். அவள் சிரித்தாள். தட்டைத் துடைத்து அடுக்கினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

நான் இப்படித்தான். ஒரு முறை வினாடி வினாவில் கடைசிக் கேள்விக்கு எங்கள் மேசையில் எனக்கு மட்டும்தான் பதில் தெரிந்தது. அதை வாத்து பேசுகிற குரலில் சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. பரிசாக வைத்திருந்த பன்றித்தொடை பக்கத்து மேசைக்குப் போயிற்று. “நீ எப்ப நிஜமா பேசறேன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கறது?” என்று பெவர்லி அன்றைக்குக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

மிச்சமிருக்கிற காலத்தை அவளோடு கழிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை. என் சார்பில் வண்டி கேட்டுவிடும் என்று கணக்குப் போட்டேன்.

விற்கிறவர் பெயர் டெரன்ஸ். ஹெல்ம்ஸ்லிக்கு வெளியே பண்ணை வீடு. வயதை மதிக்காமல் எல்லோரையும் ‘கண்ணு’ என்று கூப்பிடுகிற எங்கள் ஊர் ரகம். போனவுடன் வண்டியைக் காட்டவில்லை. அடுப்படியில் உட்காரவைத்து, டீ ஊற்றிக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து எங்களை அளந்தார்.

“யாருக்கும் சும்மா தூக்கிக் குடுத்துட மாட்டேன், கண்ணு. போன வாரம் ஒருத்தன் வந்தான். இதுல அடுப்பு வெச்சு பீட்சா விக்கப் போறானாம். டீயக் குடிச்சிட்டுக் கெளம்புன்னேன்.”

“எனக்கு பீட்சா ஒத்துக்காது” என்றேன். அது தேர்ச்சிக்குப் போதுமானதாக இருந்தது.

கொட்டகையில் வண்டியைப் பார்த்ததும் நிபுணன்போல நடந்துகொள்ள முடிவு செய்தேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த நண்டு வடிவக் காந்தத்தைக் கையோடு எடுத்து வந்திருந்தேன். துருவை மறைக்கப் பட்டி பூசியிருந்தால் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் நிஜத் தகரம். நண்டு எல்லா இடத்திலும் ஒட்டியது. அடுத்து முன்பக்கம் போய் பானெட்டைத் திறக்கக் கைப்பிடி தேடினேன்.

“இன்ஜின் பின்னாடி இருக்கு, கண்ணு” என்றார் டெரன்ஸ். “முன்னாடி நம்ம முழங்கால்தான்.”

எனக்கு எல்லாம் தெரியும் என்பதைக் காட்ட வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தேன். எப்படி எழுவது என்பதை முன்கூட்டி யோசிக்கவில்லை. இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள்.

“எதுக்கு விக்கறீங்க?” என்று பெவர்லி கேட்டாள்.

“மொரீன் போயிட்டா.”

“அய்யோ, மன்னிச்சுக்கங்க.”

“சாகல கண்ணு. ஸ்கார்பரோவுக்குப் போயிட்டா. பொண்டாட்டியா இருந்தவளை வலப்பக்கத்துக் கண்ணாடியா ஆக்கிட்டேனாம். ‘மொரீன், வருதா? மொரீன், போலாமா?’ இதத் தவிர நீ எங்கிட்ட எதுவும் பேசினதில்லைன்னா. அப்படி இருக்காதுன்னு யோசிச்சுப் பாத்தேன்.” அவர் சக்கரத்தைக் காலால் லேசாகத் தட்டினார். “அப்படித்தான் இருந்திருக்கு.”

பெவர்லி ஜன்னல் வழியே உள்ளே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஸ்டியரிங் அந்தப் பக்கம் இருக்கு.”

“படத்துல அது சரியாத் தெரியல.”

“நோயல்.”

“தெரியும்” என்றேன்.

“அப்ப இந்தப் பக்கம் யார் உக்காருவாங்கன்னு நெனச்சே?”

நான் இவ்வளவு தூரம் வந்தது இந்தக் கேள்விக்காகத்தான். தங்கத் தட்டில் வைத்து நீட்டிவிட்டாள். “நாயைப் பழக்கிடலாம்னு பாத்தேன்” என்றேன். என் வாயில் எவனோ குடியிருக்கிறான், வாடகையும் கொடுப்பதில்லை.

அவள் வலப்பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

ஒருநாள் காப்பீடு இரண்டு பேருக்கும் எடுத்திருந்தேன். முதலில் நான் ஓட்டினேன். டெரன்ஸ் பின்னால் நீள இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மடக்கு மேசையைப் பிடித்துக்கொண்டார். பிக்கரிங் சாலையில் ஏறியதும் எங்களுக்கு முன்னால் டிராக்டர் ஒன்று வந்து சேர்ந்தது. அந்தச் சாலையில் அது இல்லாவிட்டால்தான் அதிசயம். வைக்கோல் கட்டுகள் வானம் வரை அடுக்கியிருந்தன. எனக்குத் தெரிந்த உலகமே வைக்கோல்தான்.

“வருதா?” என்றேன்.

“லாரி” என்றாள் பெவர்லி.

“இப்ப?”

“கார். அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு.”

கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் கால்வாசி யார்க்‌ஷயர் சேர்ந்துவிட்டிருந்தது. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. எங்கள் ஊரில் அடிக்க மாட்டார்கள். மனதுக்குள் திட்டுவார்கள், அது முதுகில் சூடாக வந்து படும்.

ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் பெவர்லி முன்னால் சாய்ந்தாள். “காலியா இருக்கு. நேர் ரோடு. போ.”

“உயில் எழுதிட்டியா?” என்றேன்.

“என்ன?”

“இல்ல, நாய் யாருக்குன்னு—”

“நோயல், போ. வேணாம். வேணாம், இப்ப வேன் ஒண்ணு வருது.”

வேன் எங்களைக் கடந்து போயிற்று. வைக்கோல் முன்னால் ஆடிக்கொண்டே போனது. பின்னால் டெரன்ஸ் தொண்டையைச் செருமினார். பெவர்லி இருக்கையில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“போன்னா போகணும்” என்றாள். “நான் பாத்துத்தானே சொன்னேன்.”

அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மொரீன் ஏன் ஸ்கார்பரோவுக்குப் போனாள் என்பது எனக்கு அப்போது கொஞ்சம் விளங்கியது. டிராக்டர் தானாக ஒரு வயலுக்குள் திரும்பிக்கொண்டது. எங்கள் வண்டி வேகம் பிடிப்பதற்குள் பின்னாலிருந்த யார்க்‌ஷயர் முழுவதும் எங்களை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயிற்று, பக்கத்தில் வரும்போது ஒரு பார்வையையும் கொடுத்துவிட்டு.

சாலையோர டீக்கடையில் நிறுத்தினோம். டெரன்ஸ் எங்களுக்கு இடம் கொடுக்கிற மரியாதையில் கொஞ்சம் தள்ளிப் போய், ஆட்டுக்குட்டிகளை மிகுந்த அக்கறையோடு பார்த்தார். பெவர்லி காகிதக் குவளையை நசுக்கித் தொட்டியில் போட்டாள்.

“சாவி குடு. நான் ஓட்டறேன். நீ அந்தப் பக்கம் உக்காரு.”

அந்த இருக்கையைப் பற்றி யாராவது என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம். வாழ்க்கை முழுவதும் வலப்பக்கம் உட்கார்ந்தால் கையில் ஸ்டியரிங் இருக்கும், காலில் பிரேக் இருக்கும். இங்கே எதுவும் இல்லை. முன்னால் வெறும் தகரம், கண்ணாடி. எதிரே வருகிறவன் நேராக உங்கள் மடியை நோக்கித்தான் வருகிறான். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து என் வலது காலில் சுளுக்குப் பிடித்துவிட்டது.

பெவர்லி நன்றாக ஓட்டினாள். நீளக் கியர்க் கம்பியை டெரன்ஸ் சொன்னபடி தயங்காமல் தள்ளினாள். திரும்பி வரும் வழியில் முன்னால் ஒரு கார், பின்னால் கேரவன் என்கிற வண்டிவீடு ஒன்றை இழுத்துக்கொண்டு, கல்யாண ஊர்வலம்போல நகர்ந்தது. அதன் பின்புறம் வெள்ளைச் சுவர்போல எங்களை மறைத்தது.

“எப்படி இருக்கு?” என்றாள்.

“இங்கேருந்து பாத்தா ஸ்காட்லாந்தே தெரியுது.”

அவள் ஆக்சிலரேட்டரில் வைத்த காலை அசைக்கவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் உன்னைச் சிரிக்க வைக்கச் சொல்லல. எனக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியல, நோயல். நீ சொல்றத வெச்சுத்தான் நான் போகணும். ஆமாவா, இல்லையா?”

நான் பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன். தூரத்தில் சூரிய வெளிச்சத்தில் ஒரு கண்ணாடி மின்னியது.

“இல்ல” என்றேன்.

ஒரு லாரி வந்து, எங்கள் வண்டியே ஆடும்படி கடந்து போயிற்று. நான் ஒரு நகைச்சுவை சொல்லியிருந்தால், அவள் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருந்தால் என்ற நினைப்பு வந்தது. அறுபது வருடத்தில் என் சொல்லை நம்பி யாரும் எதையும் செய்ததில்லை. அதற்கு நான் இடமே கொடுத்ததில்லை. அது ஒரு வசதிதான். தவறாகப் போனால் நான் பொறுப்பில்லை.

“இல்ல” என்றேன் மறுபடியும். பிறகு, “பொறு. ஒரு பைக்.” பைக் போயிற்று. சாலை நீளமாக, வெறுமையாக, இரண்டு பக்கமும் கற்சுவரோடு கிடந்தது. இரண்டு தரம் பார்த்தேன்.

“காலியா இருக்கு. போ, பெவ்.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நிஜமாவா என்று கேட்கவில்லை. என் சொல் முடிவதற்குள் வண்டி வலப்பக்கம் வந்துவிட்டது. பழைய இன்ஜின் பின்னால் கத்தியது. வெள்ளைச் சுவர் மெல்ல மெல்ல நகர்ந்தது. நான் எதிர்ச் சாலையின் நடுவில் கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். நான் பார்க்கத் தவறியது ஏதாவது உண்டா, ஒரு சந்து, ஒரு பண்ணை வாசல் என்று தேடிக்கொண்டே இருந்தேன். பிறகு நாங்கள் தாண்டிவிட்டோம். அவள் இடப்பக்கம் ஒதுங்கினாள். டெரன்ஸ் மேசையை விட்டுக் கையை எடுக்கிற சத்தம் கேட்டது.

கண்ணாடியில் வண்டிவீடு சின்னதாகிக்கொண்டே போயிற்று.

“வாங்கினா, எங்க நிறுத்துவே?” என்றாள் பெவர்லி.

நான் குடியிருப்பது மால்டனில், மீன் பொரிக்கிற கடைக்கு மேல். கீழே ஒரு சைக்கிளைக் கூட நிறுத்த விடமாட்டார்கள். குளியல் தொட்டியில் நிறுத்துவேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். சின்ன வார்த்தைதான், இறங்க நேரமாயிற்று.

“உன் வீட்டு முன்னாடி” என்றேன். “நானும் அங்கயே வந்துடறேன், பெவ். உன்கூட இருக்கணும். வேடிக்கைக்குச் சொல்லல.”

இன்ஜின் சத்தத்தில் கேட்டதா என்று தெரியவில்லை. பின்னாலிருந்து டெரன்ஸின் குரல் மெதுவாக வந்தது: “வேணும்னா நான் இங்கயே எறங்கி நடந்து வந்துடறேன், கண்ணு.”

“உக்காருங்க, டெரன்ஸ்” என்றாள் பெவர்லி.

ஹெல்ம்ஸ்லி கோட்டை தெரிய ஆரம்பித்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள். அவள் கழுத்து கொஞ்சம் சிவந்திருந்ததை நான் பார்த்தேன், பார்க்காததுபோல் இருந்தேன்.

“மாடியில சின்ன ரூமைக் காலி பண்ணணும்” என்றாள். “ஒரு நாள் நீ ஓட்டு, ஒரு நாள் நான் ஓட்டறேன். நாள் பூரா இந்தப் பக்கம் உக்காந்து நானே பாத்துச் சொல்லிட்டிருக்க மாட்டேன்.”

“சரி.”

“உன் சாமான் எவ்வளவு இருக்கும்?”

“அதிகமில்ல. ரெண்டு பெட்டி. ஒரு நாற்காலி.”

“நாற்காலி எப்படி இருக்கும்?”

“அசிங்கமா இருக்கும்.”

“அப்ப அது வேணாம்” என்று சொல்லிக்கொண்டே கியரை மாற்றினாள்.