வகை தெரியாத தாவரம்

எழுவைதீவுக்கு மேற்கே கடற்புல் அழிந்துபோனது பிரேமினிக்குத் தெரியும். அவளுடைய கணவன் கிளின்ரன் அங்கேதான் நண்டு வலை போடுகிறவன். இழுவைப் படகுகள் கடலடியை வாரிக்கொண்டு போன பிறகு அவனுடைய வலையில் சேறுதான் ஏறியது. அந்த இடத்தைப் பாதுகாத்துக் காவல் போடும்படி அவனுடைய ஊரான கரம்பொன்னின் மீனவர்கள் அரசாங்கத்திடம் கேட்டார்கள். முன்பு புல் இருந்ததற்கு ஆதாரம் காட்டுங்கள் என்று பதில் வந்தது.

ஆதாரம் இல்லாமல் இல்லை. மூன்று நிறுவனங்கள் வெவ்வேறு காலங்களில் அங்கே ஆய்வு செய்திருந்தன. ஒன்று கடற்புல் என்று எழுதியிருந்தது. இன்னொன்று, புல்லுக்கும் பாசிக்கும் ஊரார் பொதுவாகச் சொல்லும் பெயரில், சாதாளை என்றது. எல்லாவற்றுக்கும் முந்திய ஆய்வு, படகுகள் வருவதற்கு முன் செய்த ஒரேயொன்று, வெறுமனே நீர்த்தாவரம் என்றது. ஒப்புக்கொண்ட பொதுச் சொற்களுக்குள் எல்லாவற்றையும் கொண்டுவந்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். கடல் தரவு நிலையத்தில் வேலை செய்த பிரேமினியிடம் அந்தப் பொறுப்பு வந்தது. கிளின்ரன் மீனவர் சங்கத்தில் போய்ப் பெருமையாகச் சொன்னான்.

சாதாளை என்றிருந்தது புல்தான் என்று புகைப்படங்களை வைத்துத் தீர்த்தாள். நீர்த்தாவரம் மட்டும் அசையவில்லை. பொதுச் சொற்களில் புல் வேறு, பாசி வேறு. அந்த ஆய்வின் படங்கள் எதுவும் மிஞ்சவில்லை. ஆய்வுக்குப் போனவர்களில் அனலைதீவு அப்புத்துரை மட்டும் ஊரில் இருப்பதாக அறிந்து, ஊர்காவற்றுறையில் படகேறினாள்.

கதிரை எடுத்துப் போட்டு உபசரித்தார் அவர். விசயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது.

"கடலுக்கடியில பச்சையாத் தெரிஞ்சதெல்லாத்துக்கும் அதைத்தான் எழுதினனாங்கள், பிள்ளை. புல்லோ பாசியோ எண்டு பிரிச்சுப் பாக்கச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லை."

அவள் குறிப்புப் புத்தகத்தை மூடுவதைப் பார்த்து, புல் என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தருவதாகச் சொன்னார். ஊருக்கு நல்லது நடக்குமென்றால் தனக்கென்ன என்றார்.

"ஐயா, உங்களுக்கு ஞாபகம் இருக்கோ, புல்லுத்தான் எண்டு?"

"இல்லைப் பிள்ளை. பொய் சொல்ல ஏலாது."

கையெழுத்து வாங்காமலே திரும்பினாள். அன்றிரவு கிளின்ரனிடம் எல்லாம் சொன்னாள். சின்ன வயதில் தகப்பனோடு போனபோது அந்தப் புல்லைத் தன் கண்ணால் கண்டவள்தான். ஆனால் அந்த ஆய்வுக்குப் போனவர்கள் கண்டது எது என்று அவளால் சொல்ல முடியாது. ஒரு சொல்லை ஊகத்தில் மாற்றினால், மற்றச் சொற்களையும் நம்ப ஒருவருக்கும் காரணம் இருக்காது. அவன் தலையாட்டிக் கேட்டான். மறுநாள் அந்தப் பதிவுகள் எல்லாவற்றுக்கும் 'வகை தெரியாத தாவரம்' என்ற குறியீட்டைப் போட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அரசாங்கத்தின் முடிவு வந்தது. இழப்பு நடந்ததாக நிறுவ முடியவில்லை, அதனால் காவல் போட முடியாது என்றிருந்தது. தரவுகளை ஒழுங்காக்கியதற்கு நிலையத்துக்குத் தனியாக ஒரு பாராட்டும் வந்தது.

கிளின்ரன் வலைகளைத் தமையனுக்குக் கொடுத்துவிட்டு வவுனியாவில் கட்டட வேலைக்குப் போக ஆயத்தமானான். அவனுடைய உடுப்புகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள் பிரேமினி. தன்னை ஏசச் சொல்லி அவள் கேட்டாள்.

"நீர் பிழை ஒண்டும் செய்யேல்லை" என்றான் அவன், சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டே.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பஸ் போன பிறகும் வீதியோரத்தில் நின்றாள். வேலைக்குப் போக நேரமாகியிருந்தது. நிலையத்தில் மன்னார்க் கடலின் பதிவுகள் வந்து காத்திருந்தன. அவற்றிலும் பாதிக்குமேல் நீர்த்தாவரம் என்றே இருந்தது.