எரிந்துபோன அரை அடி

தீர்ப்பு நகலின் பதினேழாவது பக்கத்தில் திரைச்சீலைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் சுவரையே இடிக்கச் சொல்லும் உத்தரவோடு வந்தவளுக்கு வரக்கூடிய சிரிப்பா அது? ஆனாலும் வந்தது.

வழக்குப் போட்டவர் பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவளுடைய பட்டறைச் சுவர் தன் இடத்துக்குள் அரை அடி வந்திருக்கிறது என்றார். நீதிமன்றம் அனுப்பிய ஆணையர் வந்து அளந்தார். பத்திரத்தில் இருபது அடி, அளவில் இருபதரை. அதோடு கதை முடிந்தது. சுவரை இடித்து அரை அடி உள்ளே தள்ளிக் கட்டினால் துணி வெட்டும் மேசை போட இடமிருக்காது. மேசை இல்லாத பட்டறையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். மேல்முறையீட்டுக்கு இருந்த முப்பது நாளில் இருபத்தொன்று போய்விட்டது. எதை வைத்து மேலே போவது என்று வக்கீலம்மாவே கையை விரித்திருந்தார்.

அவளைச் சிரிக்க வைத்தது, தீர்ப்போடு இணைத்திருந்த ஆணையர் அறிக்கையின் ஒரு வரி. பட்டறை வாசலின் அகலம் மூன்றரை அடியாம். அந்த வாசலுக்குத் திரை தைத்தவளே அவள்தான். மூன்று அடி, அதற்கு மேல் ஒரு நூல்கூடக் கிடையாது.

கணவரிடம் காட்டினாள். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எந்த டேப்பால அளந்தாரு?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆணையரின் இரும்பு டேப் அன்று பாதியில் சிக்கிக்கொள்ள, பாவமே என்று தன் நீளத் துணி டேப்பை எடுத்துக் கொடுத்தவள் அவளேதான். அதன் முதல் அரை அடி எப்போதோ இஸ்திரிப் பெட்டியில் கருகி, வெட்டி எறிந்தாகிவிட்டது. வீட்டில் இருவரும் மனக்கணக்காக அரை அடியைக் கழித்துக் கழித்து, டேப்பில் குறை இருப்பதையே மறந்திருந்தார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறாள், அதுவும் உபசாரத்தோடு!

காலுக்கொரு செருப்பாக மாட்டிக்கொண்டு ஓடினாள். தோற்ற பிறகு டேப்பைக் குறை சொன்னால் யார் நம்புவார்கள் என்று வக்கீலம்மா அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டியவர் சட்டென்று எழுந்து நின்றார். அதே டேப்பால் கண்ணாடிக் கடையையும் அளந்திருந்தார்கள். பத்திரத்தில் பதினைந்து அடி, அறிக்கையில் பதினைந்தரை.

"அப்போ அவரும் அரையடி இடிக்கணும்ல?" என்றார். புதுச் சாட்சி எதுவும் தேவையில்லை. எல்லாம் அறிக்கையிலேயே இருந்தது. இருபத்தொன்பதாம் நாள் மேல்முறையீடு பதிவானது. இடிப்பதற்குத் தடையும் கிடைத்தது.

விசாரணையன்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு போடு போட்டார்: அந்த அம்மாள் வேண்டுமென்றே குறை டேப்பைக் கொடுத்து நீதிமன்றத்தை ஏமாற்றியிருக்கிறார். நீதிபதி அவளைப் பார்த்து, டேப்பைக் கொடுத்தது யார் என்று கேட்டார்.  தான் இல்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

"நான்தான் குடுத்தேங்கய்யா."

வக்கீலம்மா எழுந்தார். "ஐயா, தன் சுவரையே இடிக்க வைக்கிறதுக்கு யாராச்சும் ஏமாத்து டேப் குடுப்பாங்களா?"

நீதிபதியே சிரித்துவிட்டார். மறுபடி அளக்க உத்தரவானது.

புது ஆணையர் வந்த அன்று கணவர் வீட்டிலிருந்த டேப்புகளையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். 

"இருபது," என்றார் ஆணையர். "சரியா இருபது."

பழைய தீர்ப்பு ரத்தானது. அன்று மாலையே கணவர் ஒரு புது டேப் வாங்கி வந்தார். அவள் அதே மேசையில் துணியை விரித்து, ஏழடித் திரைக்கு அளந்து வெட்டினாள். தொங்கவிட்டுப் பார்த்தால் தரையில் புரண்டது. பழக்கதோஷத்தில் அரை அடி கூட்டி வெட்டியிருந்தாள்.

கணவர் கத்தரிக்கோலை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"இருக்கட்டும். இந்த அரையடிக்குத்தானே இவ்வளவு பாடு."