துள்ளல் பாட்டும் என் சாட்சியும்

பதினெட்டு வயதில் என்னை இயேசுவிடம் இழுத்துக்கொண்டு போனது ஒரு சீடி. ஹட்டனுக்கு வந்த வெள்ளைக்கார மிஷன் பையன்கள் கொடுத்துவிட்டுப் போனது. அந்தப் பாட்டு வகைக்கு ஸ்கா பங்க் என்று பெயராம். கித்தார் துள்ளும், ட்ரம்பெட் அலறும். எனக்கு 'ஜீசஸ்' தவிர ஒரு சொல் புரியாது. ஆண்டவர் இவ்வளவு குஷியானவரா என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் குதித்தேன். அந்தக் குஷியில்தான் சபையில் சேர்ந்தேன்.

மாரியம்மனைக் கும்பிடும் அம்மாவின் மனசு நோகுமே என்று ஞானஸ்நானத்தை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன். அம்மா போன வருடம் காலமாகிவிட்டார். இந்த ஞாயிறு மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் எனக்கு முழுக்கு. அதற்கு முன் ஆண்டவர் எப்படி அழைத்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி சரியில்லை என்று போன தடவை ஒருவரைப் பாஸ்டர் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

சனிக்கிழமை அந்த ஆல்பத்தைப் போனில் தேடிப் போட்டேன். இப்போது இருப்பது துபாய் ஹோட்டலில் வேலை செய்து இங்கிலீஷ் பழகிய காது. எல்லாம் புரிந்து தொலைத்தது. நான் அதிகம் குதித்த பாட்டில், பாடுகிறவன் தம்பியைப் புதைத்துவிட்டு வந்து, இருக்கிறாயா, இருந்தால் ஏன் பேசவில்லை என்று கடவுளைக் கேட்கிறான். பதில் வரவில்லை. ட்ரம்பெட்தான் வருகிறது.

மனைவி சுலக்ஷனாவிடம் சொன்னேன்.

"ஏங்க, நம்ம லயத்துல சாவு வீட்லயும் தப்பு மேளத்த வேகமாத்தானே அடிப்பாங்க? வேகமா இருந்தா சந்தோஷம்னு யாரு சொன்னா?"

இந்தச் சின்ன விஷயம்கூட என் மரமண்டைக்கு எட்டவில்லை.

"அப்ப என்னைய கூப்பிட்டது யாரு?"

"அத பாஸ்டர்கிட்ட கேளுங்க. நாளைக்கு மட்டும் ஏடாகூடமா எதையும் சொல்லிறாதீங்க."

ஞாயிறு காலை இடுப்பளவுத் தண்ணீரில் பாஸ்டரும் நானும் நின்றோம். குளிரில் பல் கிட்டியது. கரையில் சபையார் பாட்டை நிறுத்தினார்கள்.

"சொல்லுங்க பிரதர், ஆண்டவர் எப்படிக் கூப்பிட்டார்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கூப்பிட்டாரான்னே தெரியலிங்க ஐயா," என்றேன். அவ்வளவுதான், திருப்பி அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன்.

பாஸ்டர் கரையைப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"மெதுவா பேசுங்க. எனக்கும் இன்னும் தெரியல."

கழுத்தைப் பிடித்து முக்கினார்.

நான் எழுந்தபோது கரையில் கைதட்டினார்கள். சுலக்ஷனா சந்தோஷத்தில் அழுதாள். எனக்குப் பயமாக இருந்தது. என் சந்தேகத்தை என்றைக்காவது பாஸ்டரிடம் இறக்கி வைத்துவிடலாம் என்று நம்பியிருந்தேன். இப்போது அவருடையதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு கரையேறினேன்.